வீட்டில் முதல் பிரெட்: மூக்கும் விரலும் காதும் சொல்வதைக் கேட்டுச் சுடுவது எப்படி

ஓவனில் பிரெட் வேகும்போது வீடு முழுக்கப் பரவும் வாசனைக்காகத்தான் நான் பிரெட் சுடக் கற்றுக்கொண்டேன். கடையில் வாங்கும் பிரெட்டில் அது கிடைக்காது. அந்த வாசனையில் பெரும்பங்கு சுட்ட சில மணி நேரத்திலேயே பறந்துவிடுகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் நம் வீட்டுக்கு வருவது அதன் மிச்சம்.

கற்றுக்கொள்வதில் பட்ட அலைச்சல் அதிகம். நம் கைக்குக் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைக்காக எழுதியவை என்பதுதான் முக்கியக் காரணம். "இரண்டு மணி நேரம் பொங்க விடவும்" என்று போட்டிருப்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் இரண்டு மணி நேரம் விட்டால், மாவு பொங்கி, அமுங்கி, கள் வாடை அடிக்கத் தொடங்கிவிடும். அதனால் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற மாதிரி, ஒவ்வொரு கட்டத்திலும் விரலில் என்ன தெரிய வேண்டும், மூக்கில் என்ன ஏற வேண்டும், காதில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். கடிகாரத்தையும் பாருங்கள், ஆனால் முடிவை மாவிடம் விடுங்கள்.

1. முதலில் செலவும் நேரமும்

ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றால் பெரிய செலவு ஓ.டி.ஜி. ஓவன்தான் (மேலும் கீழும் உள்ள கம்பி சூடாகிச் சுடும் மின்சார ஓவன்). 28 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். அதைவிடச் சிறியதில் பிரெட் மேலே எழும்பும்போது மேல் கம்பிக்கு மிக அருகில் போய்க் கருகிவிடும். விலை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை இருக்கும். வாங்கும் முன் சமையலறை பிளக்கைப் பாருங்கள். இந்த ஓவன்கள் 1,500 வாட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் இழுப்பவை. மிக்சி ஓடும் சின்ன பிளக் இதைத் தாங்காது. கீஸருக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பிளக் வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பில்லும் வாரன்ட்டி அட்டையும் பத்திரம். கம்பி ஒன்று சூடாகாமல் போனால் அவை இல்லாமல் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாதாரண மைக்ரோவேவில் பிரெட் வராது. வெந்துவிடும், ஆனால் மேலோடு நிறம் பிடிக்காது, வாசனையும் வராது. 'கன்வெக்‌ஷன்' (விசிறியால் சூடான காற்றைச் சுழலவிடும்) வசதி உள்ள மைக்ரோவேவ் என்றால் அந்த முறையில் வைத்துச் சுடலாம்.

மற்றவை சின்னச் செலவுகள்: 8 அங்குல நீளம், 4 அங்குல அகலம் உள்ள பிரெட் டின் ஒன்று, 300 முதல் 500 ரூபாய், எலக்ட்ரானிக் தராசு, ஏறக்குறைய 500 ரூபாய். தராசைத் தவிர்க்க நினைக்காதீர்கள். ஒரு கப் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். இந்த வித்தியாசம் மாவின் பதத்தையே மாற்றிவிடும்.

ஒரு பிரெட்டுக்கு மைதா, வெண்ணெய், ஈஸ்ட், மின்சாரம் எல்லாம் சேர்த்து 40 முதல் 50 ரூபாய் வரை ஆகும். கடை பிரெட் விலையை ஒட்டித்தான் வரும். எனவே காசு மிச்சம் பிடிக்க இதில் இறங்க வேண்டாம். நேரம், ஆறுவதையும் சேர்த்து, சுமார் 4 மணி. அதில் கை வேலை அரை மணி நேரம்தான். விடுமுறை நாளில் காலை 7 மணிக்குத் தொடங்கினால் 11 மணிக்கு வெட்டிவிடலாம்.

2. சாமான் வாங்குவது

முதல் பிரெட்டுக்கு இந்த அளவு:

மைதா 350 கிராம்
தண்ணீர் 220 கிராம் (இதையும் தராசிலேயே நிறுத்துவிடுங்கள்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது தலைதட்டி எடுத்த ஒரு டீஸ்பூன்
உப்பு 7 கிராம்
சர்க்கரை 12 கிராம்
வெண்ணெய் 20 கிராம்

முழுக் கோதுமை மாவிலேயே முதல் முயற்சியைத் தொடங்காதீர்கள். நம் சப்பாத்தி மாவில் புரதம் நிறைய இருந்தாலும் தவிடு குறுக்கே நிற்பதால் பிரெட் அவ்வளவாக எழும்பாது. மைதாவில் கை பழகிய பிறகு 250 கிராம் மைதா, 100 கிராம் கோதுமை மாவு என்று கலந்து, தண்ணீரை 15 முதல் 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். உண்மையில் எனக்குப் பிடித்தது அந்தக் கலவைதான். சுடும்போது வறுத்த கோதுமை வாசனை கூடுதலாக வரும்.

அதிகம் ஏமாற வாய்ப்புள்ள பொருள் ஈஸ்ட். 'ஆக்டிவ் டிரை', 'இன்ஸ்டன்ட்' என்று இரண்டு வகை கிடைக்கும். முதலாவதை வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு ஊற வைத்து, நுரை வந்த பின் சேர்க்க வேண்டும். இரண்டாவதை நேராக மாவில் போடலாம். எந்த வகையானாலும் பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடையில் வெயில் படும் அலமாரியில் பல மாதம் கிடந்த ஈஸ்ட்டில் உயிர் இருக்காது. பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் கட்டிய, தேதியே இல்லாத பொட்டலத்தை வாங்கி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட் போட்டு 10 நிமிடம் பாருங்கள். நுரை எழும்பி, ஈஸ்ட்டுக்கே உரிய புளிப்பு கலந்த மணம் வந்தால் நல்லது. அடியில் சகதியாகத் தங்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கக் கூடாது. 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத பாட்டிலில் கொட்டி ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் தாங்கும்.

'பிரெட் இம்ப்ரூவர்' (பிரெட் மெத்தென்று வரச் சேர்க்கும் பொடி) வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். வீட்டுக்குத் தேவையில்லை.

3. தண்ணீரின் சூட்டைக் கணக்கிடுவது

செய்முறைகளில் "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். நம் ஊர்க் கோடையில் அதை மறந்துவிடுங்கள். பிசைந்து முடிக்கும்போது மாவு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நிதானமாகப் பொங்கும், சுவையும் ஏறும். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 75-இலிருந்து அறையின் வெப்பத்தையும் பிசையாத மைதாவின் வெப்பத்தையும் கழித்தால், வருவது தண்ணீரின் வெப்பம். அறை 33, மைதாவும் 33 என்றால் தண்ணீர் 9 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். மார்கழியில் அறை 25-க்கு இறங்கினால் குழாய்த் தண்ணீரே போதும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குத்தான் வெதுவெதுப்பான தண்ணீர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

4. கலந்து, விட்டு, பிசைவது

அகலமான பாத்திரத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரையைக் கையால் கலந்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். காய்ந்த மாவு எங்கும் இல்லாத அளவுக்குக் கிளறினால் போதும். மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். முதலில் விரலிடுக்கில் அப்பிக்கொண்டு எரிச்சலூட்டும் அதே மாவு, 20 நிமிடம் கழித்துத் தொட்டால் இழுபட ஆரம்பித்திருக்கும். யாரும் பிசையாமலே உள்ளே இழை பிடிக்கிற வேலை நடந்திருக்கிறது.

இப்போது உப்பைத் தூவிப் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடியும் தள்ளுங்கள். 4, 5 நிமிடம் கழித்து வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேருங்கள். வெண்ணெய் சேர்ந்தவுடன் மாவு கலைந்து வழுக்கும், கை முழுக்கப் பிசுபிசுக்கும். இங்கேதான் எல்லோரும் பயந்துபோய் இன்னும் ஒரு கை மைதாவைப் போடுகிறார்கள். போடாதீர்கள். கூடுதல் மாவு சேர்ந்தால் மறுநாளே கட்டை மாதிரி ஆகிவிடும். இன்னும் 2, 3 நிமிடம் பொறுத்துப் பிசைந்தால் வெண்ணெய் உள்ளே போய், மாவு பாத்திரத்தை விட்டுக் கழன்று வரும்.

பிசைகிற கைக்குக் கிடைக்கும் சுகம் இந்தக் கடைசி நிமிடங்களில்தான் இருக்கிறது. சொரசொரப்பு போய், மாவு வழவழவென்று ஆகி, அழுத்தினால் திருப்பி அழுத்தும். பச்சை மைதா வாடை குறைந்து, பாலும் வெண்ணெயும் கலந்தது போன்ற மணம் எழும். அவசரப்பட்டு முடித்துவிடாமல் இதை அனுபவியுங்கள். பதம் பார்க்க நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக விரிந்தால் போதும். உடனே கிழிந்தால் இன்னும் 3 நிமிடம் பிசைய வேண்டும்.

5. முதல் பொங்கல்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி வையுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், இரண்டு மடங்கு ஆனதா என்பது சரியாகத் தெரியும். 32, 33 டிகிரியில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். 25 டிகிரியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம்.

இட்லி மாவு பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டம் எளிது. இரவில் வைத்த மாவு விடிவதற்குள் வழிந்துவிடுமோ என்று கணிக்கிற அதே கண்தான் இங்கேயும் தேவை. மூடியைத் திறந்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். லேசான இனிப்பும் மிக லேசான கள் வாடையும் சேர்ந்து வந்தால் சரியான நேரம். வாடை மூக்கில் ஏறினாலோ புளிப்பு தூக்கலாக இருந்தாலோ நேரம் தாண்டிவிட்டது. அப்போதும் கொட்டிவிட வேண்டாம். அமுக்கி, தட்டையாக இட்டு, தோசைக்கல்லில் ரொட்டியாகச் சுட்டுவிடலாம்.

ஈரமான விரலை மாவில் ஒரு அங்குலம் குத்திப் பாருங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மூடினால் தயார். மொத்த மாவும் புஸ்ஸென்று இறங்கினால் தாமதம்.

ஒரு மாற்று வழி: ஈஸ்ட்டைப் பாதியாக்கி, பிசைந்த மாவை அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் மெதுவாகப் பொங்கும் மாவில் சுவையும் மணமும் நிச்சயம் கூடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தோதான முறை. காலையில் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் குளிர் தணிய விட்டு, பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

6. உருட்டி டின்னில் வைப்பது

மாவை மேடையில் கவிழ்த்து, விரல்களால் தட்டி, டின் நீளத்துக்கு ஒரு செவ்வகமாக்குங்கள். பெரிய காற்றுக் குமிழிகள் டப் டப்பென்று உடைவது காதில் விழும். பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் அடியில் இருக்குமாறு வெண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். சுருள் தளர்வாக இருந்தால் வெட்டும்போது நடுவில் பொந்து விழும்.

7. இரண்டாம் பொங்கல்

கோடையில் 30 முதல் 40 நிமிடம். மாவின் நடுப்பகுதி டின் விளிம்புக்கு மேலே அரை அங்குலம் வந்ததும் சுட வேண்டும். முதல் பொங்கலைவிட இது வேகமாக நடக்கும். ஓவன் சூடேறவும் 15 நிமிடம் வேண்டும் என்பதால், மாவு விளிம்பைத் தொடும் முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள். மாவு தயாராகி ஓவன் தயாராகாமல் நிற்பது கோடையில் அடிக்கடி நடக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் மாவு தளர்ந்து, ஓவனுக்குள் போனதும் நடுவில் குழி விழுந்துவிடும்.

8. சுடுவது

ஓவனில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும். 190 டிகிரி, கீழ்த்தட்டு, 32 முதல் 35 நிமிடம். ஓவன் குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அவசியம் வாங்குங்கள்.

முதல் பத்து நிமிடம் வாசனையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஈர மாவும் ஆவியாகும் சாராயமும் கலந்த ஒரு நெடி மட்டும் வரும். கண்ணாடி வழியே பார்த்தால் பிரெட் தலை தூக்குவது தெரியும். கதவைத் திறக்காதீர்கள். 15 நிமிடத்துக்குப் பிறகு வாசனை மாறும். மேற்பரப்பின் ஈரம் காய்ந்து வெப்பம் 140 டிகிரியைத் தாண்டும்போது, மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து சிவக்கின்றன. மேலார்ட் வினை என்பது இதுதான். முதலில் காய்ச்சிய பால், பிறகு வெண்ணெய் உருகும் மணம், அப்புறம் வறுத்த வேர்க்கடலையை நினைவூட்டும் ஒரு அடர்ந்த வாசனை என்று படிப்படியாக ஏறும்.

சூடான பிரெட் மேலோட்டின் வாசனைக்கு முக்கியக் காரணமான பொருளின் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசி வேகும்போது வருவதும், மணத்துக்காகச் சமையலில் போடும் ரம்பை இலையைக் கிள்ளினால் வருவதும் இதே பொருளின் மணம்தான். பிரியாணி அரிசி வடிக்கும்போது ஜன்னலோரம் நின்று மூச்சை இழுக்கிற நம் மூக்குக்கு, பிரெட் மேலோடு ஏன் முதல் தடவையிலேயே இவ்வளவு பழகினதாகப் படுகிறது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

20 நிமிடத்தில் மேற்புறம் நன்றாகச் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். தாள் கம்பியில் படக் கூடாது. வெந்ததா என்று பார்க்க, கைத்துணியால் பிடித்து டின்னிலிருந்து கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே காலியாக இருப்பது போல 'டொக் டொக்' என்று கேட்டால் வெந்துவிட்டது. 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் டின் இல்லாமல் இன்னும் 5 நிமிடம் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 93 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்.

9. ஆற விடுவது

டின்னிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கி ஈரமாகிவிடும். உடனே கம்பித் தட்டில் வையுங்கள். தட்டு இல்லையென்றால் காஸ் அடுப்பின் மேலிருக்கும் இரும்பு ஸ்டாண்ட் போதும், அடுப்பு ஆறியிருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் வெட்டக் கூடாது. வீட்டில் எல்லோரும் கத்தியோடு நிற்பார்கள், தெரியும். உள்ளே வேகிற வேலை இன்னும் முடியவில்லை. ஈரம் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது வெட்டினால் கத்தியில் களி மாதிரி ஒட்டும், துண்டுகள் நசுங்கும்.

இந்த நேரத்தில் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். மேலோடு ஆறிச் சுருங்கும்போது மெல்லிய வெடிப்பொலிகள் கேட்கும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த இந்த பிரெட்டில் அது மிகவும் சன்னம். நன்றாகக் கேட்க வேண்டுமென்றால், கை பழகிய பிறகு ஒருமுறை வெறும் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்டில் உருண்டையாகச் செய்து, ஓவனிலேயே நன்றாகக் காய்ந்த கனமான இரும்புச் சட்டியில், மூடி போட்டு 230 டிகிரியில் 25 நிமிடம், மூடியை எடுத்து இன்னும் 15 நிமிடம் சுடுங்கள். சட்டிக்கும் மூடிக்கும் பிளாஸ்டிக், மரக் கைப்பிடி இருக்கக் கூடாது. வெளியே எடுத்த அரை நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். இந்தச் சத்தத்துக்காக மட்டுமே அந்த உருண்டையை நான் சுடுவதுண்டு.

10. வெட்டுவது, சாப்பிடுவது, வைத்திருப்பது

பல் உள்ள நீளக் கத்தியை அழுத்தாமல், ரம்பம் போல இழுத்து வெட்டுங்கள். ஓரத்துண்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், அது சுட்டவருக்கு உரியது. மொறுமொறுப்பும் மெதுமெதுப்பும் ஒரே கடியில் கிடைக்கும் இடம் அது. முதல் துண்டுக்கு வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும் போதும். பிறகு தேங்காய்ச் சம்பல், சூடான பருப்பு, மிஞ்சின கோழிக் குழம்பு எதுவும் சேரும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இரண்டு நாளில் சுவை குறையும். மூன்றாம் நாள் பூஞ்சை வரலாம். அதற்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் குளிரில்தான் பிரெட் மிக வேகமாக விறைக்கிறது. இரண்டு நாளைக்கு வேண்டியதைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்துவிட்டு, மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த துண்டை நேராக தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சுட்டால், முதல் நாள் வாசனையில் ஒரு பங்கு திரும்ப எழும்பும்.

11. யாராவது காசு கொடுத்துக் கேட்டால்

வாசனை பக்கத்து வீட்டுக்கும் போகும் என்பதால் இதுவும் நடக்கும். வீட்டுச் சமையலறையிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) பதிவு வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். சிறு வியாபாரப் பதிவுக்குப் புகைப்படமும் அடையாளச் சான்றும் அடிப்படை. முகவரிச் சான்றையும் ஸ்கேன் செய்து வைத்திருங்கள். தேடும்போது அரசுத் தளம் போலவே தோன்றும் தரகர்களின் தளங்கள் முதலில் வந்து நிற்கும், பல மடங்கு பணம் கேட்கும். முகவரி அரசுத் தளத்துக்குரிய 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பதிவு எண்ணையும் சுட்ட தேதியையும் உறையில் போட வேண்டும். முழுக்க ஆறாமல் உறையில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். சுட்டது மாலை என்றால் மறுநாள் காலையில் கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள்.